கரி லாரி முதல் எரிவாயு வண்டி வரை: பழுது பார்க்கும் அறிவு யாருக்குச் சொந்தம்?



2025 ஜூலை 1ஆம் நாளோடு மலேசியாவில் இயற்கை எரிவாயுவில் ஓடிய வாகனங்களின் காலம் முடிவுற்றது. என்.ஜி.வி. என்று நாம் அனைவரும் அழைத்து வந்த அந்த எரிவாயுவின் விற்பனை அன்றோடு நிறுத்தப்பட்டது. அறிவிப்பு வெளியானபோது பதிவில் இருந்தவை ஏறத்தாழ 44,000 வாகனங்கள். எரிவாயுக் கலன்களின் பாதுகாப்பான ஆயுள் 15 ஆண்டுகள் என்றும், பல கலன்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன என்றும் அரசு காரணம் கூறியது.

அந்த நாள்களில் எங்கள் ஆசிரியர் அறையில் இதுவே பேச்சாக இருந்தது. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் தந்தை பல்லாண்டுக் காலம் கோலாலம்பூரில் எரிவாயு வாடகை வண்டி ஓட்டியவர். அவர் ஒரு கேள்வி கேட்டார். "கலனுக்கு வயதாகும் என்பது பொருத்திய அன்றே தெரிந்த செய்திதானே, சார்? அதை யார் கவனித்திருக்க வேண்டும்? ஓட்டியவரா, பட்டறைக்காரரா, விற்றவரா?"

அன்று என்னால் விடை கூற இயலவில்லை. ஆனால் இதே கேள்வியை அறுபது எழுபது ஆண்டுகளாகக் கேட்டு, ஓரளவு விடையும் கண்ட ஒரு நாடு நமக்கு அருகிலேயே இருக்கிறது. அது ஆஸ்திரேலியா. அங்கே என் அக்காள் குடும்பம் வாழ்கிறது. அத்தானின் நான்கு சக்கர இயக்க வண்டி வழியாக நான் கற்ற வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். வண்டியைப் பற்றிய கட்டுரை என்று பெற்றோர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். இது படிப்பைப் பற்றியதும் ஆகும்.

தாத்தாவின் கரி லாரி

எரிவாயுவில் வண்டி ஓட்டுவது நம் மண்ணுக்குப் புதியதன்று. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெட்ரோல் பொதுமக்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. லாரிகளும் பேருந்துகளும் மரக்கரியில் ஓடின. வண்டியின் பின்னாலோ பக்கத்திலோ ஓர் இரும்பு உலை பொருத்தப்பட்டிருக்கும். அதில் கரியை இட்டு, குறைந்த அளவு காற்றை மட்டும் உள்ளே விட்டு எரித்தால் கார்பன் மோனாக்சைடு அதிகம் கலந்த வாயு உண்டாகும். அதை வடிகட்டி, குளிர வைத்து, இயந்திரத்திற்குள் செலுத்துவார்கள்.

என் தாத்தா பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் அத்தகைய லாரியை ஓட்டியவர். பாக்காவ் மரக்கரிதான் நல்ல கரி என்பார். மேட்டில் ஏறும்போது ஆள்கள் இறங்கித் தள்ள வேண்டும் என்பார். அவர் திரும்பத் திரும்பக் கூறியது ஒன்றுண்டு. "சாயங்காலம் வடிகட்டியைக் கழுவாமல் தூங்கினால், காலையில் வண்டி தூங்கும்." கரித்தூள் இயந்திரத்திற்குள் புகுந்தால் உள்ளுறுப்புகள் தேய்ந்துவிடும். உதிரிப் பொருள் கிடைக்காத காலம் அது. மேலும் அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. மூடிய கொட்டகையில் உலையை மூட்டிவிட்டு அருகில் உறங்கியவன் எழ மாட்டான். எனவே ஓட்டுநருக்கு உலையின் ஒவ்வொரு பகுதியும் தெரிந்தாக வேண்டியிருந்தது. அறியாமைக்கு அங்கே இடமே இல்லை.

அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலும் இதுவே நிலை. அங்கே 1940 அக்டோபரில் பெட்ரோல் பங்கீடு தொடங்கியது. 1950இல்தான் முற்றிலும் நீங்கியது. உழவர்கள் தம் நிலத்து மரங்களைத் தாமே கரியாக்கி, தம் லாரிகளுக்கு இட்டனர். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் உலைகள் பழைய இரும்பாயின. ஆனால் தன் வண்டியைத் தானே அறிந்து வைத்திருக்கும் பழக்கம் அந்நாட்டுப் புறங்களில் தங்கிவிட்டது.

மலைநாட்டு வண்டிகள்

1949இல் ஆஸ்திரேலிய அரசு பனிமலைத் திட்டம் எனப்படும் மாபெரும் நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. 1974இல் அது நிறைவுற்றது. சாலையே இல்லாத மலைகளில் அணைகளும் சுரங்கங்களும் கட்ட, நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிகள் தேவைப்பட்டன. 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான பிரிட்டனின் லேண்ட் ரோவர் வண்டிகள் அங்கே பெருமளவில் உழைத்தன. 1950களின் இறுதியில் லெஸ்லி தீஸ் என்னும் ஒப்பந்தக்காரர் ஜப்பானின் டொயோட்டா லேண்ட் குரூசர் வண்டிகளை அத்திட்டப் பணிகளுக்காக வரவழைத்தார். ஜப்பானிய வண்டிகள் அந்நாட்டில் வேரூன்ற அது வழி வகுத்தது.

இவ்வகை வண்டிகள் கனமானவை. பெரிய இயந்திரம் கொண்டவை. பெட்ரோல் மலிவாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும், 1979இல் ஈரானியப் புரட்சியை அடுத்து வந்த நெருக்கடியும் நிலைமையை மாற்றின. இடையே 1978இல், உள்நாட்டில் எடுக்கும் எண்ணெய்க்கும் உலகச் சந்தை விலையே என்று மால்கம் ஃபிரேசர் அரசு முடிவு செய்தது. குடும்ப வண்டி வைத்திருந்தவர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினர்.

அப்போது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது எல்.பி.ஜி. என்னும் திரவ எரிவாயு.

போத்தலில் அடங்கிய ஆவி

இதன் பிறப்பும் ஒரு மகிழுந்தோடு தொடர்புடையதே. 1910இல் அமெரிக்காவில் ஒருவர், தம் ஃபோர்டு வண்டிக்கு வாங்கிய பெட்ரோலில் பாதி வீடு சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறதே என்று முறையிட்டார். வால்டர் ஸ்நெல்லிங் என்னும் வேதியியலாளர் அந்த ஆவியை ஆராய்ந்து, அதில் புரோப்பேனும் பியூட்டேனும் இருப்பதைக் கண்டறிந்தார். அவற்றை அழுத்தி நீர்மமாக்கிக் கலனில் அடைக்கும் வழியையும் கண்டார். இன்று நம் சமையலறையில் இருப்பது அதுவே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கூற வேண்டும். நம் நாட்டு என்.ஜி.வி. என்பது மீத்தேன். அதை ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் வாயுவாகவே அடைக்க வேண்டும். எல்.பி.ஜி. அதில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த அழுத்தத்திலேயே நீர்மமாகிவிடும். ஆகவே கலன் இலேசானது, நிரப்புவதும் எளிது.

ஆஸ்திரேலியாவுக்கு இது வாய்ப்பாக அமைந்தது. விக்டோரியா மாநிலத்தின் தென்கடலாகிய பாஸ் நீரிணையில் 1965இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டு, 1969இல் உற்பத்தி தொடங்கியிருந்தது. அதைச் சுத்திகரிக்கும்போது எல்.பி.ஜி.யும் பிரிந்து வந்தது. அரசு அதற்குச் சுங்கத் தீர்வை விதிக்கவில்லை. 1980களில் மெல்பர்ன் நகர வாடகை வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை எரிவாயுவுக்கு மாறின. அவற்றைத் தொடர்ந்து பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகளும் மாறின.

அத்தானின் கணக்கு

அத்தான் ஈப்போவிலிருந்து மெல்பர்னுக்குக் குடியேறியவர். 2004இல் ஒரு பெரிய ஜப்பானிய நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கினார். 2006 ஆகஸ்டில் ஜான் ஹவர்ட் அரசு, சொந்த வாகனத்தை எல்.பி.ஜி.க்கு மாற்றுவோருக்கு 2,000 டாலர் மானியம் அறிவித்தது. மறு ஆண்டே அத்தான் வண்டியை மாற்றிவிட்டார்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு லிட்டர் எரிவாயுவில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிடக் குறைவு. எனவே 100 கிலோமீட்டருக்கு 16 லிட்டர் பெட்ரோல் குடித்த வண்டி, ஏறத்தாழ 20 லிட்டர் எரிவாயுவைக் குடித்தது. ஆனால் எரிவாயுவின் விலை பெட்ரோலில் ஏறத்தாழ பாதி. ஆக 20 லிட்டர் எரிவாயுவின் செலவு 10 லிட்டர் பெட்ரோலின் செலவுக்குச் சமம். ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் 6 லிட்டர் பெட்ரோலின் விலை மிச்சம். நான் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விகிதம் கற்பிக்கையில் இக்கணக்கைப் பயன்படுத்தியதுண்டு. மாணவர்கள் சரியாகவே செய்தனர்.

கணக்கில் விடுபட்டது ஒன்று. அதுதான் பராமரிப்புச் செலவு.

இரண்டு பட்டியல்கள்

2013 டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் அங்குச் சென்றிருந்தேன். வண்டி சாலைச் சந்திப்புகளில் நிற்கும்போது திணறியது. முகப்பில் இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அத்தான், வண்டி வாங்கிய முகவர் நிறுவனத்தின் பணிமனைக்கே எடுத்துச் சென்றார். கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். பிளக்குகளும் ஆக்சிஜன் உணரிகளும் மாற்றப்பட்டன. பட்டியல் 1,900 டாலர். இரண்டு வாரத்தில் விளக்கு மீண்டும் எரிந்தது. மறுபடியும் சென்றோம். இன்னொரு பட்டியல், 700 டாலர். வண்டி திணறுவது மட்டும் நிற்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் அத்தான் பணிவாகவே கேட்டார். "எரிவாயுப் பகுதியைச் சோதித்தீர்களா?" அவரும் பணிவாகவே விடை கூறினார். "அது நாங்கள் பொருத்தியதன்று. அதைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை." அவர் கூறியதிலும் நியாயம் உண்டு. பிறர் பொருத்திய கருவிக்கு அவர்கள் பொறுப்பேற்க இயலாது. ஆனால் தொட அனுமதியில்லாத ஒன்று பழுதுக்குக் காரணமாக இருக்கலாம் என்பதை முதல் நாளே கூறியிருக்கலாம் அல்லவா? 2,600 டாலர் என்பது எரிவாயுவால் இரண்டு ஆண்டுகளில் மிச்சமான பணம் என்றார் அத்தான். அன்று இரவு அக்காள் வண்டியை விற்றுவிடலாம் என்று கூறினார். பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணம் அப்போது அவர்கள் தலைக்கு மேல் இருந்தது.

விற்பதற்கு முன் ஒருமுறை, அண்டை வீட்டார் கூறிய சிறிய பட்டறைக்குச் சென்றோம். அதன் உரிமையாளர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய முதியவர். மெல்பர்னில் இத்தாலியர் மிகுதி. எரிவாயு வண்டிகளில் அவர்களின் நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ரெஜியோ எமிலியா நகரில் 1954இல் ரென்ஸோ லாண்டி தொடங்கிய நிறுவனத்தின் எரிவாயுக் கருவிகள் உலகெங்கும் விற்பனையாகின்றன.

முதியவர் கணினியைத் தேடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பெட்ரோலில் ஓட்டிப் பார்த்தீர்களா?" விசையைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றினார். வண்டி அமைதியாக நின்றது. எரிவாயுவுக்கு மாற்றினார். திணறியது. "அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான உறுப்புகளில் பழுதில்லை" என்றார். பிறகு இயந்திரப் பகுதியின் ஓரத்தில் இருந்த ஓர் உலோகப் பெட்டியைக் காட்டினார். அதன் மேல் வெண்பனி படிந்திருந்தது.

அந்தப் பெட்டிதான் ஆவியாக்கி. கலனிலிருந்து நீர்மமாக வரும் எரிவாயு அங்கேதான் ஆவியாகிறது. நீர்மம் ஆவியாக வெப்பம் வேண்டும். நான்காம் ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நாம் கற்பிப்பதுதான் இது. அந்த வெப்பத்தை இயந்திரத்தைச் சுற்றிவரும் ரேடியேட்டர் நீர் தருகிறது. அந்நீர் குறைந்தால் பெட்டி உறையும், உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு இறுகி விரிசல் விடும், வாயுவின் அளவு தாறுமாறாகும், இயந்திரம் திணறும், உணரிகள் தவறென்று கூவும். கூவிய உணரியைத்தான் முகவர் நிறுவனத்தினர் மாற்றியிருந்தனர். எரிவாயுவுக்காக இணைத்த நீர்க்குழாயின் இணைப்பு ஒன்றில் சொட்டுச் சொட்டாக நீர் கசிந்து கொண்டிருந்தது. சவ்வும் குழாயும் மாற்றி அவர் வாங்கிய தொகை 180 டாலர்.

முதியவர் அத்தானிடம் ஒரு சிறு குறிப்பேட்டை வாங்கி வைத்துக்கொள்ளக் கூறினார். அதில் எழுத வேண்டியவற்றையும் கூறினார். மாதம் ஒருமுறை, இயந்திரம் குளிர்ந்த பிறகு, ரேடியேட்டர் நீரின் அளவைப் பார்க்க வேண்டும். எரிவாயு வடிகட்டியைக் குறித்த தொலைவில் மாற்ற வேண்டும். எரிவாயுவைப் பற்றவைக்க வலுவான தீப்பொறி தேவை. ஆதலால் பிளக்குகளையும் அவற்றின் கம்பிகளையும் தேய விடக்கூடாது. வாரத்தில் சிறிது தூரம் பெட்ரோலிலும் ஓட்ட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் பகுதி அடைபட்டுவிடும். கலனை 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக்கூடாது. வெயிலில் நீர்மம் விரிய இடம் வேண்டும். கலனில் இதற்கெனத் தடுப்பு உண்டு. அது வேலை செய்கிறதா என்று கவனிக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை கலனைச் சோதனைக்கு அனுப்புவது சட்டம். கடைசி வரியாக, எந்தப் பணிமனைக்குச் சென்றாலும் செய்த வேலையைத் தம் கையாலேயே எழுத வேண்டும்.

தாத்தாவின் வடிகட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

பூட்டிய அறிவு

பழைய வண்டிகளில் பழுதைக் கண்ணாலும் காதாலும் அறியலாம். 1980களுக்குப் பின் வண்டிக்குள் கணினி புகுந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லா மகிழுந்துகளிலும் ஒரே வகையான சோதனை இணைப்பு கட்டாயமாயிற்று. புகை மாசைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். ஆயினும் அந்த இணைப்பு வெளியிடும் அடிப்படைக் குறியீடுகளை மட்டுமே எவரும் படிக்க முடிந்தது. ஆழமான விவரங்களும், மின்சுற்று வரைபடங்களும், புதிய உறுப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருளும் தயாரிப்பாளரிடமும் முகவரிடமுமே இருந்தன. வண்டி நம்முடையது, அதைப் பற்றிய அறிவு நம்முடையதன்று என்னும் நிலை உருவாயிற்று. போட்டியில்லாத இடத்தில் விலை ஏறும் என்பதைக் கூறப் பொருளியல் அறிஞர் தேவையில்லை.

உலகம் இதை ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1975இல் அமெரிக்கா இயற்றிய மக்னூசன் - மாஸ் சட்டம், உத்தரவாதத்தைக் காட்டி வாடிக்கையாளரைக் குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளுக்கோ சேவைக்கோ கட்டிவைப்பதைத் தடுத்தது. 2002 அக்டோபரில் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, தனிப்பட்ட பட்டறைகளுக்கும் தொழில்நுட்ப விவரங்கள் கிடைக்க வழி செய்தது. 2012இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்தே இவ்வுரிமையைப் பெற்றனர். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு, வெளிப் பட்டறையில் பராமரித்தால் உத்தரவாதம் செல்லாது என்னும் நிபந்தனையை வாகன முகவர்கள் நீக்க, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் ஆணையம் வழி செய்தது.

ஆஸ்திரேலியாவில் 2014இல் தயாரிப்பாளர்களும் பட்டறைச் சங்கங்களும் விவரங்களைப் பகிர்ந்துகொள்ளத் தாமாக ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். நல்லெண்ணத்தை மட்டுமே நம்பிய உடன்பாடு அது. 2017 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் வெளியிட்ட ஆய்வறிக்கை, அவ்வுடன்பாடு பயன் தரவில்லை என்றும் கட்டாயச் சட்டம் தேவை என்றும் கூறியது. 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2022 ஜூலை 1ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. 2002 ஜனவரி 1 முதல் தயாரிக்கப்பட்ட மகிழுந்துகள், இலகு சரக்கு வண்டிகள் ஆகியவற்றின் பராமரிப்பு விவரங்களை, முகவருக்குத் தருவதைப் போலவே, நியாயமான சந்தை விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் விற்க வேண்டும். மீறும் நிறுவனத்திற்கு 1 கோடி டாலர் வரை அபராதம் உண்டு.

அத்தானின் வண்டி 2004இல் வந்தது. ஆகவே அதுவும் இச்சட்டத்துக்குள் அடங்கியது. சட்டம் வருவதற்குள் அந்த முதியவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அவர் மகன் அதே பட்டறையில் பணம் செலுத்தி விவரங்களைப் பெறுகிறார்.

பொறுப்பில்லாத அறிவும் வேண்டாம்

இவ்வளவையும் படித்துவிட்டு, எல்லாரும் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கலாம் என்று எவரும் முடிவு செய்துவிடக்கூடாது. ஆசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத ஒரு நாள் இவ்வரலாற்றில் உண்டு.

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளி. எரிவாயுச் செலவைக் குறைக்க எண்ணி, எண்ணெய் வயலின் கழிவு வாயுக் குழாயிலிருந்து பள்ளிக்கு இணைப்பு எடுத்திருந்தனர். அவ்வாயுவுக்கு மணம் கிடையாது. கசிந்த வாயு கட்டடத்தின் அடியில் தேங்கியதை ஒருவரும் அறியவில்லை. பிற்பகலில், கைத்தொழில் வகுப்பில் மின்சாரத் தேய்ப்புக் கருவி ஒன்றை இயக்கியபோது எழுந்த தீப்பொறியில் பள்ளியே வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பிறகே எரிவாயுவில் கெட்ட வாடை தரும் பொருளைக் கலக்க வேண்டும் என்னும் சட்டம் டெக்சஸில் வந்து, பிற இடங்களுக்கும் பரவியது. நம் அடுப்படியில் வாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை அக்குழந்தைகளின் சாவினால் நமக்குக் கிடைத்த காவல்.

ஆகவே சிக்கனம் வேறு, குறுக்கு வழி வேறு. சமையல் கலனை வண்டியில் கட்டுவது குறுக்கு வழி. உரிமம் பெற்றவரிடம் வாகனக் கலனைப் பொருத்தி, காலம் தவறாமல் சோதிப்பது சிக்கனம். ஆஸ்திரேலியாவின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டை உணர்ந்தே இருக்கிறது. வண்டியின் பாதுகாப்பு, களவுத் தடுப்பு ஆகியன தொடர்பான விவரங்களைத் தகுதி நிறுவிய தொழிலருக்கு மட்டுமே அது வழங்குகிறது.

காலம் மாறியது

அந்நாட்டிலும் எரிவாயு வண்டிகளின் பொற்காலம் முடிந்துவிட்டது. 2011 டிசம்பர் 1 முதல் லிட்டருக்கு 2.5 காசு தீர்வை விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உயர்ந்து 2015 ஜூலையில் 12.5 காசாயிற்று. மாற்றுவதற்கான மானியமும் படிப்படியாகக் குறைந்து 2014 ஜூன் இறுதியில் நின்றது. தொழிற்சாலையிலேயே எரிவாயு இயந்திரத்துடன் வெளிவந்த ஃபோர்டு ஃபால்கன் மகிழுந்தின் தயாரிப்பு 2016 அக்டோபரில் முடிவுற்றது. எண்ணெய் நிலையங்கள் பலவும் எரிவாயுக் குழாயைக் கழற்றிவிட்டன. அத்தான் இப்போது எரிவாயு நிரப்பச் சற்றுத் தொலைவு செல்ல வேண்டியிருக்கிறது.

ஆயினும் வண்டி ஓடுகிறது. 2017இல் கலனைச் சோதித்தார், தேறியது. அடுத்த சோதனை 2027இல். தேறினால் வைத்துக்கொள்வேன், தேறாவிட்டால் எரிவாயுக் கருவிகளைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஓட்டுவேன் என்கிறார். மூன்றாம் குறிப்பேடு இப்போது நடக்கிறது. முடிவெடுக்கும் நாள் என்று வரும் என்பது அவருக்குத் தெரியும். திடீரென ஒரு நாள் அறிவிப்பைப் பார்த்து அதிர வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

ஆசிரியையின் கேள்விக்கு என் விடை இதுதான். கலனின் வயதை ஓட்டியவரும் கவனிக்க வேண்டும், பட்டறைக்காரரும் கவனிக்க வேண்டும், விற்றவரும் கவனிக்க வேண்டும். ஆனால் மூவரும் கவனிக்க வேண்டுமானால், கவனிக்கத் தேவையான அறிவு மூவரிடமும் இருக்க வேண்டும். அறிவு ஒருவரிடம் மட்டும் பூட்டிக் கிடந்தால் மற்ற இருவரும் பட்டியலுக்குப் பணம் செலுத்துபவர்களாகவே இருப்பார்கள்.

ஒரு மாணவன்

இறுதியாக, நான் கூற வெட்கப்படும் ஒன்றையும் கூறிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வகுப்பில் பாடத்தில் கவனமில்லாத மாணவன் ஒருவனிடம், "இப்படியே இருந்தால் வர்க்‌ஷாப்பில் மசகெண்ணெய் துடைக்கத்தான் போவாய்" என்று கூறினேன். அவன் தாயாரிடமும் அதையே கூறினேன். அவர் தலை குனிந்து நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அவன் பட்டறைக்குத்தான் சென்றான். இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். சென்ற ஆண்டு என் வண்டியை அவனிடம் கொண்டு சென்றபோது, கைப்பேசியில் ஒரு பராமரிப்புக் கையேட்டின் பக்கத்தைக் காட்டினான். ஆங்கிலத்தில் நான்கு வரி. "சார், இந்தப் போல்ட்டை முறுக்குவதற்கு முன்பா, முறுக்கிய பிறகா என்று சரியாகப் புரியவில்லை. தவறாகச் செய்தால் பிரேக் போய்விடும். கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றான். நான் இரண்டு முறை படித்த பிறகே எனக்குப் பொருள் விளங்கியது. அதுவரை அவன் கருவியைத் தொடவில்லை, காத்திருந்தான்.

பட்டறைக்குப் போகிறவனுக்குப் படிப்பு வேண்டாம் என்று நான் எண்ணியிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்து செல்லும் வண்டியின் பிரேக் அவன் படிப்பை நம்பியிருக்கிறது. அளவையும் விகிதமும், ஆவியாதலும் அழுத்தமும், ஒரு கட்டளை வாக்கியத்தைப் பிழையின்றிப் புரிந்துகொள்ளும் திறனும் அவனுக்கு மற்றவரைவிடக் கூடுதலாகவே வேண்டும். நாளை நம் நாட்டிலும் பூட்டிய கையேடுகள் திறக்கப்படலாம். திறந்த கையேட்டைப் படிக்கத் தெரிந்த கை அப்போது இருக்க வேண்டுமல்லவா?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டியைப் பராமரிப்புக்குக் கொண்டு செல்லும்போது பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, நாள், ஓடிய தொலைவு, மாற்றிய உறுப்பு, செலுத்திய தொகை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் புரியாத வரி இருந்தால் அங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவனின் தாயாரை இன்னும் நான் சந்திக்கவில்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் சென்று பார்க்க வேண்டும்.